கடலின் மூச்சை அளக்கும் ஒளி



சென்ற மாரிக்காலத்தில் எமது வாரவிடுமுறைத் தமிழ் வகுப்பின் மாணவர் சிலரைப் பெற்றோர் துணையுடன் கோர்பக்கான் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். நெய்தல் நிலத்தைப் பற்றி வகுப்பில் கற்பித்தது போதாது, கண்ணாற் காட்டவும் வேண்டும் என்பதே எமது நோக்கம். துறைமுகத்தருகே மீன்பிடி வள்ளங்கள் கரைசேர்ந்துகொண்டிருந்தன. கூடையில் வாய்பிளந்து துடித்துக்கொண்டிருந்த மீன்களைக் கண்ட ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், தண்ணீருக்கு வெளியே வந்தால் மீனுக்கு மூச்சு முட்டும் என்று தெரியும். தண்ணீருக்கு உள்ளேயே இருக்கும்போதும் மூச்சு முட்டுமா?" என்று வினவினான். "முட்டும்" என்று மட்டும் கூறிவிட்டு, வாகனத்துக்கு நேரமாகிவிட்டதால் நாம் புறப்பட்டுவிட்டோம். அவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறியது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று என்ற எண்ணம் அன்றிரவு முழுவதும் எம்மை உறுத்தியது. அவன் நின்று வினவிய அதே கடலைப்பற்றி அண்மைக்காலத்தில் வெளிவந்த செய்தி ஒன்று உண்டு. அதனை விரித்துரைப்பதற்கு இம்மலரில் இடம் தந்தமைக்கு விழாக்குழுவினருக்கு எமது நன்றி.

முதலில் ஒரு சொல்விளக்கம். தமிழகத்துப் பெற்றோர் ஆக்சிஜன் என்றும் உயிர்வளி என்றும் கூறுவதையே நாம் ஈழத்துப் பாடநூல் வழக்கையொட்டி ஒட்சிசன் என எழுதுகின்றோம். பொருள் ஒன்றே.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லீற்றருக்கு இருநூற்றைம்பது மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஒட்சிசன் உள்ளது. இளஞ்சூடான கடலின் மேற்பரப்பு நீரிலோ, அது நிறைவாகக் கரைந்திருக்கும் நிலையிலும், லீற்றருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராமே உண்டு. மீன்கள் பிறவியிலேயே ஏழைகள். அந்தச் சிறு முதலை வைத்தே குடித்தனம் நடத்துகின்றன. அம்முதலும் மேலிருந்தே வரவேண்டும். காற்று அலைகளோடு கலந்து தருவது ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் நுண்தாவரங்கள் வெயிலில் உணவு ஆக்கும்போது வெளியிடுவது மற்றொரு பங்கு. இரண்டுமே மேற்பரப்பை அண்டிய செயல்கள். ஏறத்தாழ 200 மீற்றருக்குக் கீழே தாவரம் வாழப் போதிய வெளிச்சம் இல்லை. அங்கே புதிய ஒட்சிசன் உண்டாவதில்லை. ஆனால் செலவு மட்டும் நிற்பதில்லை. மேலே இறந்த நுண்ணுயிர்கள் தூசுபோல் கீழிறங்க, பற்றீரியாக்கள் அவற்றை அழுகச்செய்து, இருக்கும் ஒட்சிசனை உண்டு தீர்க்கின்றன. வரவில்லாத வீட்டில் செலவு நடந்தால் என்னவாகுமோ அதுவே ஆழ்கடலிலும் ஆகும்.

அரபிக்கடலில் இச்செலவு மிக அதிகம். எம்மூர்க் கடற்றொழிலாளர் சோளகம் என்று அழைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, கோடையில் ஓமான் கரையோரமாக வீசி, மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகின்றது. அவ்விடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த, உரம் மிகுந்த நீர் எழுகின்றது. சலாலாவில் காரீப் காலத்தில் மலையெல்லாம் பச்சைபிடிப்பதைக் காணச் செல்லும் பெற்றோர் பலர், அதே காற்றினால் கடலும் பச்சைபிடிப்பதை அறிந்திரார். நுண்தாவரம் செழித்தால் மீனும் செழிக்கும். ஆயினும் அழுகுவதற்கான பொருளும் பெருகும். வடக்கே ஆசியக் கண்டம் சுவர்போல அடைத்து நிற்பதால், துருவப் பகுதியின் குளிர்ந்த புதுநீர் அப்பக்கமாக உட்புக வழியுமில்லை. எனவே உலகக் கடல்களில் ஒட்சிசன் குன்றிய நீர்ப்படை மிகத் தடிப்பாக உள்ள இடங்களுள் அரபிக்கடல் முதன்மையானது. 1933 - 34 ஆம் ஆண்டுகளில் சீமோர் சியூவெல் என்பாரின் தலைமையில் மபாஹிஸ் என்னும் எகிப்தியக் கப்பலில் சென்ற ஜோன் மரே ஆய்வுப் பயணத்தினரே இதனை முறையாகக் கண்டறிந்தோருள் முன்னோடிகள்.

அக்காலத்தில் ஒட்சிசனை அளந்த முறை 1888 இல் ஹங்கேரிய நாட்டவரான விங்க்ளர் வகுத்தது. ஆழத்திலிருந்து போத்தலில் நீரை எடுத்து, மங்கனீசு உப்பையும் காரங்கலந்த அயடைட்டையும் இட்டால், ஒட்சிசனின் அளவுக்கேற்பக் கபிலநிற வீழ்படிவு தோன்றும். அமிலமிட்டால் அது கரைந்து அயடீன் வெளிப்படும். பின் மாப்பொருள் சேர்த்து, நீலநிறம் மறையும்வரை தயோசல்பேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விடவேண்டும். எத்தனை துளி சென்றதோ, அத்தனை ஒட்சிசன். எளிமையும் அழகும் உடைய பரிசோதனை.

இப்பரிசோதனையை நாம் ஊரில் கற்பித்த காலத்தில் ஒருமுறையேனும் மாணவர் முன் செய்துகாட்டியதில்லை. போர்க்காலத்தில் எமது பள்ளி ஆய்வுகூடத்தின் தட்டுகளில் போத்தல்கள் இருந்தன. அவற்றுள் இரசாயனங்கள் இல்லை. கபிலநிறத்தையும் நீலநிறத்தையும் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்தே காட்டினோம். கடலோ பள்ளியிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அதற்கும் நாளும் நேரமும் எல்லையும் விதிக்கப்பட்டிருந்தன. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்த நாட்களில், அந்நீருக்குள் என்ன நிகழ்கின்றது என்பதை எவரும் அளக்கவில்லை. மனிதர் செல்லமுடியாத கடல், அறியப்படாத கடலாகவும் ஆகிவிடும் என்பதை நாம் நூலில் படித்து அறிந்தோமல்லோம்.

ஓமான் வளைகுடாவுக்கும் அதுவே நேர்ந்தது. கடற்கொள்ளையர் அச்சமும் நாடுகளிடையேயான பிணக்குகளும் ஆய்வுக்கப்பல்களை அக்கடலிலிருந்து விலக்கி வைத்தன. எண்ணெய்க் கப்பல்கள் நாள்தோறும் சென்று வந்த வழியில், போத்தலில் நீரெடுத்து அளப்பதற்குக் கப்பல் இல்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அங்கு திரட்டப்பட்ட அளவீடுகள் மிகச் சொற்பம் என்று ஆய்வாளர் வருந்தினர்.

மனிதர் செல்லமுடியாத இடத்துக்கு எதனை அனுப்புவது? இங்கேதான் 'கிளைடர்' எனப்படும் ஆளில்லா நீரடி ரோபோ எமது கதைக்குள் நுழைகின்றது.

ரோபோ என்றதும் கைகால் முளைத்த இரும்பு மனிதனைச் சிறுவர் எதிர்பார்ப்பர். இதற்குக் கையுமில்லை, காலுமில்லை; சுழல்விசிறிகூட இல்லை. ஏறத்தாழ ஓர் ஆளின் நீளமும் ஐம்பது கிலோகிராமுக்குச் சற்றே மேற்பட்ட நிறையும் கொண்ட, சுறாமீன் வடிவான குழாய். இருபுறமும் சிறு சிறகுகள். வாலில் நீண்ட அலைவாங்கிக் கம்பி. இது எவ்வாறு செல்கின்றது என்பதை விளக்க எமக்கு முத்துக்குளிப்பவரே துணை. இந்த வளைகுடாவிலும் எமது மன்னார்க் கடலிலும் முத்துக்குளிப்போர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டே இறங்கினர். கல்லின் பாரம் அவரைக் கீழே கொண்டுசென்றது. பணி முடிந்ததும் மேலே நிற்பவர் கயிற்றை இழுத்தனர். கிளைடருக்குக் கல்லும் கயிறும் அதன் வயிற்றிலேயே உண்டு. உள்ளே எண்ணெய் நிரம்பிய ஒரு பை, வெளியே நீரைத் தொட்டுக்கொண்டு மற்றொரு பை. எண்ணெயை உள்ளே எடுத்துக்கொண்டால் உடலின் கனவளவு சுருங்குகின்றது, நிறை மாறுவதில்லை, ஆகவே அது தாழ்கின்றது. எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளினால் கனவளவு பெருகி மேலெழுகின்றது. எட்டாம் வகுப்பில் படிக்கும் ஆர்க்கிமிடீசின் தத்துவத்துக்கு மேல் இதில் ஒன்றுமில்லை. தாழும்போதும் எழும்போதும் சிறகுகள் நீரைச் சாய்வாக வெட்டுவதால் முன்னோக்கியும் நகர்கின்றது. மூக்கைக் கவிழ்க்கவும் நிமிர்த்தவும், பக்கம் திரும்பவும், உள்ளிருக்கும் கனத்த மின்கலத்தையே சற்று நகர்த்தினாற் போதும்.

வேகம் செக்கனுக்குக் கால் மீற்றர் அளவே. நடைபயிலும் குழந்தைகூட இதனை முந்திவிடும். அந்த மெத்தனமே இதன் பலம்: மிகச் சிறிதளவு மின்சாரத்தில் மாதக்கணக்காக உழைக்கும். ஆயிரம் மீற்றர்வரை இறங்கி, சில மணி நேரத்தின் பின் மேலே வந்து, தலையைக் கவிழ்த்து வாலை நீருக்கு மேல் நீட்டி, செய்மதி வழியாகத் தான் அளந்தவற்றை அனுப்பும். வானொலி அலைகள் கடல்நீரை ஊடுருவாமையால் நீருக்கடியில் இருக்கும்போது அதனோடு அவ்வாறு பேச இயலாது. மேலே வரும் சில நிமிடங்களில், எங்கோ ஒரு நாட்டின் மேசையருகே இருப்பவர் அடுத்த கட்டளையை அனுப்பிவிடுவார்.

ஹென்றி ஸ்ரொம்மல் என்னும் அமெரிக்கக் கடலியலாளர் 1989 இல் ஒரு கற்பனைக் கட்டுரை வரைந்தார். 2021 ஆம் ஆண்டில் இருந்துகொண்டு பின்னோக்கிப் பார்ப்பதுபோல எழுதப்பட்ட அதில், இத்தகைய கருவிகள் கூட்டங்கூட்டமாகக் கடலெங்கும் உலாவின. அறிவியற் கட்டுரையில் கற்பனைக்கு இடமில்லை என்று கூறும் ஆசிரியர்களுக்கு இதனை நினைவூட்ட விரும்புகின்றோம். அக்கற்பனையின் பெரும்பகுதி அவர் குறித்த ஆண்டுக்கு முன்னரே நனவாகிவிட்டது.

இனி ஒளிக்கு வருவோம். கிளைடர் நீரைப் போத்தலில் அடைத்து வருவதில்லை. அயடீனையும் மாப்பொருளையும் அதனிடம் கொடுத்தனுப்ப முடியாது. அது ஒளியைக் கொண்டு அளக்கின்றது. கருவியின் முகப்பில் ஒரு மெல்லிய படலம் உண்டு. பிளாற்றினம் சேர்ந்த போர்பிரின் என்னும் சாயப்பொருள் அதில் பூசப்பட்டுள்ளது. நீலப்பச்சை ஒளியை அதன்மீது பாய்ச்சினால் அது செந்நிறமாக ஒளிரும். பாய்ச்சிய ஒளி நின்ற பின்னரும் கணப்பொழுது ஒளிர்ந்து அடங்கும். ஒட்சிசன் மூலக்கூறு ஒன்று அச்சாயத்தில் வந்து மோதினால், ஒளிர வைத்திருந்த சக்தியைப் பறித்துச் சென்றுவிடும். செவ்வொளி விரைவில் அவியும்.

கார்த்திகை விளக்கீட்டன்று முற்றம் நிறைய ஏற்றிவைத்த சிட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் குறுக்கும் மறுக்கும் ஓடினால் விளக்குகள் அணையும். ஓடும் குழந்தைகள் அதிகமானால் விரைவில் அணையும். ஒரு குழந்தையும் இல்லாவிட்டால் எண்ணெய் தீரும்வரை நின்றெரியும். விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்பதைக் கொண்டே முற்றத்தில் எத்தனை குழந்தைகள் ஓடினர் என்று கணித்துவிடலாமல்லவா? இக்கணக்குக்குரிய சமன்பாட்டை ஸ்ரேர்ன், வொல்மர் என்னும் இருவர் 1919 இலேயே தந்துவிட்டனர். இங்கே விளக்கு எரியும் நேரம் செக்கனின் இலட்சத்தில் சில பங்கு. அதனை அளக்கவல்ல சிறு மின்னணுச் சுற்றும், நீல ஒளி தரும் சிறு விளக்கும் மலிவாகக் கிடைக்க நெடுங்காலம் சென்றது.

இம்முறையின் சிறப்பு மூன்று வகையில் எம்மைக் கவர்ந்தது. ஒளியின் பிரகாசத்தையன்றி அது நீடிக்கும் நேரத்தை அளப்பதால், சாயம் சற்று மங்கினாலும் அளவு பெரிதும் பிழைப்பதில்லை. அளக்கும்போது ஒட்சிசனைச் செலவழிப்பதில்லை. எல்லாவற்றிலும் மேலாக, ஒட்சிசன் குறையக் குறையவே இக்கருவியின் கூர்மை மிகுகின்றது. ஒன்றுமில்லா முற்றத்தில் ஒரு குழந்தை ஓடினாலும் தெரிந்துவிடுவதுபோல. மூச்சுத் திணறும் கடலைச் சோதிக்க இதனிலும் பொருத்தமான கருவி வேண்டியதில்லை. ஆயினும் இதுவும் காலப்போக்கில் வழுவக்கூடியது. அதனைச் சரிபார்க்க இன்றும் போத்தலில் நீரெடுத்து விங்க்ளரின் முறையையே கையாளுகின்றனர் என்று அறிந்தபோது, எமது வண்ணச் சுண்ணக்கட்டிகளை நினைத்துச் சற்றே மகிழ்ந்தோம்.

இங்கிலாந்தின் கிழக்கு அங்கிலியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பஸ்ரியன் கெஸ்ற் என்பாரும் மஸ்கற்றின் சுல்தான் காபூஸ் பல்கலைக்கழகத்தினரும் கூடி, இத்தகைய கிளைடர்கள் இரண்டை ஓமான் வளைகுடாவில் விட்டனர். எட்டு மாத காலம் அவை இறங்கியும் ஏறியும் அளந்தன. முடிவு 2018 இல் வெளிவந்தது. ஓரளவு ஒட்சிசன் இருக்கும் என்று எதிர்பார்த்த ஆழங்களில், அநேகமாக ஒன்றுமே இல்லாத நீர் பரந்து கிடந்தது. அதன் பரப்பு ஸ்கொத்லாந்தை விடப் பெரிது என்று செய்தியாளர் எழுதினர். எமது கணக்கில் கூறுவதாயின், முழு இலங்கைத் தீவையும் அதனுள் வைத்தாலும் மீதி இருக்கும்.

"செத்த கடல்" என்று நாளிதழ்கள் தலைப்பிட்டன. அச்சொல் எமக்கு உவப்பானதன்று. மேலே சூரை மீன் துள்ளுகின்றது. கீழே, பகலில் அந்த ஒட்சிசன் குன்றிய நீரிலேயே பதுங்கியிருந்து இரவில் உணவுதேடி மேலெழும் சிறு விளக்குமீன்கள் ஓமான் வளைகுடாவில் பெருந்திரளாக உள்ளன. இயற்கை சிலவற்றைப் பழக்கி வைத்துள்ளது. ஆனால் நாம் உண்ணும் மீன்களுள் பெரும்பாலானவற்றுக்கு அப்பழக்கம் இல்லை. கீழ்த்தளம் மூச்சுமுட்ட, அவை மேல்தளத்தில் நெருங்கி வாழவேண்டியதாகின்றது. வலைக்கும் எளிதில் அகப்படும். அந்நீர் சில வேளைகளில் கரையோரமாக மேலெழும்போது மீன்கள் கூட்டமாக இறந்தொதுங்கியதை ஓமான் கரையினர் கண்டுள்ளனர். மாணவனே, உனது வினாவுக்கு விடை இதுதான். இன்னொரு தீங்கும் உண்டு: ஒட்சிசன் அற்ற நீரில் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை உடைக்கத் தொடங்குகின்றன. அப்போது நைதரசு ஒட்சைட்டு என்னும் வாயு உண்டாகலாம். புவியைச் சூடேற்றுவதில் அது, நிறைக்கு நிறை, காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ முந்நூறு மடங்கு வலிமை வாய்ந்தது.

துபாயிலும் அபுதாபியிலும் சார்ஜாவிலும் வாழும் நாம், அது மலைக்கு அப்பாலுள்ள கடல்தானே என்று இருந்துவிட முடியாது. எமது வாசலில் உள்ள அரபு வளைகுடா சராசரியாக 35 மீற்றர் ஆழமேயுள்ள ஆழங்குறைந்த கடல். கடும்வெயிலில் நீர் ஆவியாக, எஞ்சுவது உப்பு மிகுந்த கனத்த நீர். அது ஹோர்முஸ் நீரிணையின் அடிவழியாக வெளியேறி, ஓமான் வளைகுடாவில் 200 முதல் 300 மீற்றர் ஆழமளவில் படர்கின்றது; படரும்போது தன்னோடு ஒட்சிசனையும் கொண்டுசெல்கின்றது. மூச்சுமுட்டும் வீட்டுக்கு எமது வளைகுடா ஒரு சாளரம். அபுதாபியிலுள்ள நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் சுஹைர் லஷ்கரும் குழுவினரும் 2019 இல் கணினி மாதிரிகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு, இவ்வளைகுடா சூடேறினால் வெளியேறும் நீர் கனங்குறைந்து, ஆழத்துக்கு இறங்காமல் மேலேயே தங்கிவிடும் எனக் காட்டுகின்றது. சாளரம் அடைபடுகின்றது என்பதே அதன் பொருள்.

எமது பிறந்தநாட்டுக் கடலிலும் இக்கருவிகள் இறங்கியுள்ளன. 2016 ஆம் ஆண்டு ஆனி, ஆடி மாதங்களையொட்டி, இந்தியாவின் சிந்து சாதனா என்னும் ஆய்வுக்கப்பலிலிருந்து, இந்திய, பிரித்தானிய அறிவியலாளர் வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் கிளைடர்களை விட்டனர். அவர்கள் தேர்ந்த கோடு வடக்கு அகலாங்கு 8 பாகை. வரைபடத்தில் அக்கோட்டை மேற்கே நீட்டினால் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையே கரைதொடும். அவர்கள் ஆராய்ந்தது பருவமழைக்கும் கடலுக்குமுள்ள தொடர்பை. அவ்விரலளவு வரைபடத்தை நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை மறைப்பானேன்? இவையன்றி ஆர்கோ என்னும் மிதவைகள் ஏறத்தாழ நாலாயிரம் உலகக் கடல்களில் உள்ளன. இந்தியாவின் பங்கை ஹைதராபாத்திலுள்ள கடல்தகவல் மையம் கவனிக்கின்றது. அவற்றுள் உயிரியல், இரசாயனம் அளக்கும் வகை ஆறு அளவுகளை எடுக்கும். ஆறில் ஐந்து ஒளியைக் கொண்டே அளக்கப்படுவன.

அவ்வைந்தில் ஒன்று பச்சையத்தின் அளவு. இங்கு நெடுங்காலம் வாழும் பெற்றோருக்கு 2008 நினைவிருக்கும். அவ்வாண்டின் பிற்பகுதியில் செங்கபில நுண்ணுயிர்ப் பெருக்கம் ஒன்று ஓமான் வளைகுடாவிலிருந்து இப்பக்கத்துக் கடலுக்கும் பரவியது. எட்டு மாதங்களுக்கு மேல் நீடித்து, 1200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட கரையோரத்தைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான தொன் மீன்கள் மடிந்தன. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் சிலவற்றை மூடவேண்டி வந்தது. எம் பிள்ளைகள் குடிக்கும் நீர் பெரும்பாலும் இக்கடலிலிருந்தே வருவதால், இது மீனவருக்கு மட்டும் உரிய கவலையன்று. 2002 இல் ஏவப்பட்ட அக்குவா போன்ற செய்மதிகள் கடலின் நிறமாற்றத்தை மேலிருந்து கண்டு இத்தகைய பெருக்கத்தைக் காட்டவல்லன. ஆனால் மேகமும் புழுதியும் அவற்றின் கண்ணை மறைக்கும். மேற்படைக்குக் கீழே அவை பார்ப்பதுமில்லை. கீழே பார்ப்பது கிளைடரின் வேலை. அது நீல ஒளியை நீரில் பாய்ச்சும். நுண்தாவரத்திலுள்ள பச்சையம் அதனை விழுங்கிச் செவ்வொளியாக உமிழும். செவ்வொளியின் அளவே தாவரத்தின் அளவைக் காட்டும்.

இதனை மட்டும் இம்முறை வண்ணச் சுண்ணக்கட்டியின்றிச் செய்துகாட்ட எம்மால் இயன்றுள்ளது. பசளிக்கீரையை நசுக்கி, மருந்தகத்தில் வாங்கிய மதுசாரத்தில் ஊறவைத்து, பெரியோர் துணையுடன் நெருப்புக்கு எட்டாத இடத்தில் வடித்தெடுத்த பச்சைச் சாற்றை மாணவர் ஒரு கண்ணாடிக் குடுவையில் அடைத்துள்ளனர். விழா மண்டபத்தின் வலப்புற அறையில், கறுப்புத் துணி போர்த்த பெட்டிக்குள் அது இருக்கின்றது. பணத்தாள்களைச் சோதிக்கும் ஊதாநிற ரோச் விளக்கு ஒன்று அருகே உள்ளது. துணியை விலக்கி, தலையை உள்ளே நுழைத்து, விளக்கை அழுத்திப் பாருங்கள். பச்சைச் சாறு செக்கச்செவேலென ஒளிரும். கோர்பக்கானில் வினவிய அதே மாணவன்தான் அப்பெட்டியருகே நின்று விளக்கம் கூறுவான்.